சமூக உளவியல் வகுப்பில் கைபேசி: படம் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வகுப்பறைக்குள் கைபேசியை விடலாமா கூடாதா என்ற விவாதம் இப்போதைக்கு ஓயப்போவதில்லை. அந்த வழக்கில் வாதாடுவது இந்தக் கடிதத்தின் நோக்கம் அல்ல. சமூக உளவியல் என்ற ஒரு பாடத்திலாவது கைபேசி உண்மையிலேயே ஆய்வுக் கருவியாகப் பயன்படும். கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, கடிகாரம், குறிப்பேடு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர்கள் பலர், "வெளியே போய் நாலு பேரைப் பேட்டி எடுங்கள், பத்துப் படம் எடுத்து வாருங்கள்" என்று மாணவர்களை அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வருவது பெரும்பாலும் ஓர் ஆல்பம்தான். படங்கள் அழகாக இருக்கும், பேட்டிகள் நெகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. கோளாறு எங்கே வருகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று இந்தப் பாடத்தைக் கற்பிப்பவர்கள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மனிதர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளி சமூக உளவியலின் பழைய கேள்விகளில் ஒன்று. 1934இல் ரிச்சர்டு லாப்பியர் வெளியிட்ட ஆய்வு இன்னும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஒரு சீனத் தம்பதியுடன் அவர் அமெரிக்காவில் பயணம் செய்து 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஒரே ஓர் இடத்தில்தான் இடம் மறுக்கப்பட்டது. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் "மாட்டோம்" என்றார்கள். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார்கள். அதன் மேல் வைக்கப்பட்ட விமர்சனத்தைச் சொல்லிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு ஆய்வு என்றால் என்னவென்று பிடிபடும். வாசலில் வரவேற்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒரே ஆளா? நன்றாக உடுத்திய, சிரித்துப் பேசும் ஒரு தம்பதி எதிரில் நிற்பதும், "சீனர்கள்" என்ற சொல்லைக் காகிதத்தில் படிப்பதும் ஒரே விஷயமா? மாணவர் எடுக்கும் படத்துக்கும் பேட்டிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். படம் ஓரிடத்தில், பேட்டி வேறொரு கூட்டத்தில், அதுவும் வேறொரு நாளில் என்றால், இரண்டும் முரண்பட்டாலும் ஒத்துப்போனாலும் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே முதல் விதி: ஒரே இடம், ஒரே நடத்தை, ஒரே வகை மனிதர்கள். படம் நடத்தையைக் காட்ட வேண்டும், பேட்டி அதே நடத்தையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. "மக்கள் ஏன் சுயநலமாக இருக்கிறார்கள்" என்பதைப் படம் பிடிக்க முடியாது. "நீண்ட இருக்கையில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் அடுத்து வருபவர் எங்கே உட்காருகிறார்" என்பதைப் பிடிக்கலாம். கேள்வி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. அந்த நடத்தை கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒரு மணி நேரத்தில் இருபது முறையாவது நடக்க வேண்டும், நடந்ததா இல்லையா என்பதில் இரண்டு பேருக்குச் சண்டை வரக் கூடாது. மின்தூக்கி பக்கத்தில் இருக்கும்போது படிக்கட்டில் ஏறுபவர்கள், குப்பைத் தொட்டிக்கு அருகிலும் தொலைவிலும் கிடக்கும் காகிதங்கள், அறிவிப்புப் பலகை முன்னால் ஒருவர் நின்றால் அடுத்தவரும் நிற்கிறாரா என்பது, நூலகத்தில் பையை வைத்து இடம் பிடிப்பது, இவையெல்லாம் இந்தச் சோதனையில் தேறும்.

ஒவ்வொன்றுக்கும் பின்னால் முறையான ஆய்வு இருக்கிறது என்பது இன்னொரு வசதி. 1969இல் மில்கிராம், பிக்மன், பெர்கோவிட்ஸ் மூவரும் நியூயார்க் நடைபாதையில் ஆட்களை நிறுத்தி எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் ஒன்றை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் நின்றபோது வழிப்போக்கர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள், 15 பேர் நின்றபோது 40 சதவீதம். நிற்காமல் தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தவர்களையும் சேர்த்தால் 42இலிருந்து 86 சதவீதமானது. எண்ணிக்கையை அவர்கள் நேரில் எடுக்கவில்லை, படம்பிடித்து வைத்துப் பிறகு எண்ணினார்கள். வில்லியம் ஒயிட் பொதுச் சதுக்கங்களில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதை இடைவெளி விட்டு எடுத்த படச்சுருளைக் கொண்டு ஆராய்ந்து 1980இல் புத்தகமாக்கினார். ஆக, கேமராவை வைத்து இந்தப் பாடத்தை நடத்துவது கைபேசி வந்த பிறகு முளைத்த மோஸ்தர் இல்லை.

தவிர்க்க வேண்டிய தலைப்புகளும் உண்டு. யாராவது மயங்கி விழுந்ததுபோல் நடித்து, உதவ வருகிறார்களா என்று படம் எடுப்பது மாணவர்களுக்கு மிகவும் பிடித்த யோசனை. பக்கத்தில் வேறு ஆட்கள் இருந்தால் ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது குறைகிறதா என்று டார்லியும் லட்டானேயும் 1968இல் சோதித்ததைத்தானே செய்கிறோம் என்பார்கள். அவர்கள் செய்தது கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு, முடிந்ததும் பங்கேற்றவர்களுக்கு உண்மை விளக்கப்பட்டது. தெருவில் நடிப்பவர் முன்னால் பதறி ஓடிவந்து, விஷயம் தெரியாமலே கலைந்து போகிறவருக்கு யார் விளக்குவார்கள்? நடிப்பு, ஏமாற்று, ஆத்திரமூட்டல் மூன்றையும் முதல் வகுப்பிலேயே விலக்கிவிடுவது நல்லது. தானாக நடப்பதைப் பார்ப்பதற்கே ஒரு பருவம் போதாது.

இனி படம். நான்கு பேர் கொண்ட குழு போதும். ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் நேரம் பார்த்துக் குறிப்பு எழுதுவார், மற்ற இருவரும் அனுமதி கேட்பதையும் பேட்டியையும் கவனிப்பார்கள். வாரம் தோறும் பொறுப்பு மாற வேண்டும். மாறாவிட்டால் நல்ல கைபேசி வைத்திருப்பவரே கடைசி வரை படம் எடுப்பவராக இருப்பார், பெண்கள் குறிப்பு எழுதுபவர்களாகவே நின்றுவிடுவார்கள். (இதுவும் சமூக உளவியல்தான், ஆனால் அது வேறு தலைப்பு.)

எப்போது படம் எடுப்பது என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது, கடிகாரம் தீர்மானிக்க வேண்டும். மாணவர்கள் இயல்பாகவே "சுவாரசியமான" கணத்துக்காகக் காத்திருந்து அழுத்துவார்கள். தொட்டிக்கு வெளியே குப்பை வீசுபவர் வந்தால் எடுப்பார்கள், ஒழுங்காகப் போடும் முப்பது பேரை விட்டுவிடுவார்கள். கடைசியில் படங்களை எண்ணினால் எல்லாரும் வெளியே வீசுவதாகத் தெரியும். இதற்கு மருந்து நேர மாதிரி: ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், ஒரு மணி நேரத்துக்குத் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து 13 படம். அந்தக் கணத்தில் யாருமே இல்லையென்றால் வெற்று இடத்தையும் எடுக்க வேண்டும். பூஜ்யமும் ஒரு தரவு. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், இரண்டு வெவ்வேறு நாள் என்று எடுத்தால் 52 படம் கிடைக்கும். ஒரு குழுவுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

நிற்கும் இடத்தைத் தரையில் ஏதாவது ஓர் அடையாளத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். உயரமும் மாறக் கூடாது. முக்காலி இல்லாவிட்டால் சட்டைப் பை உயரம், கண் உயரம் என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளலாம். திரையில் கட்டக் கோடுகளை இயக்கினால் ஒவ்வொரு முறையும் அதே சட்டகம் கிடைக்கிறதா என்று பார்க்க முடியும். அழகூட்டும் வசதியை அணைக்க வேண்டும். படத்தோடு சில நொடி அசைவையும் ஒலியையும் சேர்த்துப் பதியும் வசதி பல கைபேசிகளில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைக்காவிட்டால், அனுமதி தராத இருவரின் உரையாடல் படத்துக்குள் ஒளிந்திருக்கும். குழுவில் எல்லாருடைய கடிகாரமும் தானியங்கி நேரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் குறிப்பேட்டில் உள்ள நேரத்தோடு படத்தின் நேரம் சேராது.

தூரத்தை அளக்கும் ஆய்வுகளில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் விடும் இடைவெளிக்கு எட்வர்டு ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் வகுத்த தூரங்கள் இந்தப் பாடத்தில் எல்லாருக்கும் தெரியும்: ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் வரை நெருக்கமான எல்லை, 1.2 மீட்டர் வரை தனிப்பட்ட எல்லை, 3.6 மீட்டர் வரை சமூக எல்லை, அதற்கு மேல் பொது எல்லை. வரிசையில் நிற்பவர்களைப் படம் எடுத்து இந்த அளவுகளோடு ஒப்பிடச் சொல்கிறோம். மாணவர் வரிசையின் முன்னால், நீளவாக்கில், தொலைவில் நின்று, ஜூம் செய்து எடுக்கிறார். படத்தில் ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி நிற்பதுபோல் இருக்கும். உண்மையில் நடுவே ஒரு மீட்டர் இருக்கலாம். இன்னொருவர் மிக அருகில் போய் அகலக் கோணத்தில் எடுக்கிறார், அதே வரிசை ஆளுக்கு ஆள் விலகி நிற்பதாகத் தெரிகிறது. கேமரா எங்கே நிற்கிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. வரிசைக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில், குறைந்தது ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் இல்லாத சாதாரண லென்ஸில் எடுத்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் அடங்கும். தரையில் பதித்த ஓடு, கம்பி இடைவெளி, படி என்று நீளம் தெரிந்த ஒன்று சட்டகத்தில், ஆட்கள் நிற்கும் அதே கோட்டில் இருக்க வேண்டும். ஓடு 60 சென்டிமீட்டர் என்று நாடாவால் ஒருமுறை அளந்துவிட்டால் பிறகு படத்திலேயே எண்ணிவிடலாம். அளவு தெரியாத படத்தை வைத்து "நெருக்கமான எல்லை" என்று எழுதினால் மதிப்பெண் தரக் கூடாது.

மக்கள் கேமராவைப் பார்த்ததும் மாறிவிடுவார்கள் என்பது உண்மை. அதற்காக ஒளிந்து எடுப்பது தீர்வாகாது. குழு அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய், கைபேசியை வெளிப்படையாக வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பிறகு எடுக்கும் படங்களிலும், முகம் கேமராவை நோக்கித் திரும்பியிருப்பவை எத்தனை என்று தனியாக எண்ண வேண்டும். நம் இருப்பு எவ்வளவு பாதித்தது என்பதற்கு அது ஓர் அளவு. அந்த எண்ணை அறிக்கையில் மறைக்காமல் எழுதும் குழுவுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

முடிந்தவரை மனிதர்களை விட்டுவிட்டு அவர்கள் விட்டுச் சென்ற தடத்தை எடுக்கச் சொல்வது எங்கள் பரிந்துரை. புல்வெளியில் விழுந்த ஒற்றையடிப் பாதை, தேய்ந்த படி, இடம் பிடிக்க வைத்த பை, தொட்டியைச் சுற்றிக் கிடக்கும் காகிதம், கிறுக்கப்பட்ட எச்சரிக்கைப் பலகை இவையெல்லாம் நடத்தையின் சாட்சிகள். முகம் இல்லாததால் அனுமதிச் சிக்கல் குறையும், கேமராவைப் பார்த்து நடிக்கவும் ஆள் இல்லை. சியால்டினி, ரெனோ, கால்கிரன் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் தரையில் கிடக்கும் காகிதமே கருவியாக இருந்தது. ஏற்கெனவே குப்பை கிடந்த இடத்தில், இன்னொருவர் குப்பை போடுவதைப் பார்த்தவர்கள் தாங்களும் அதிகமாகப் போட்டார்கள். சுத்தமான இடத்தில் அதே காட்சியைப் பார்த்தவர்கள் குறைவாகவே போட்டார்கள். எல்லாரும் செய்வது என்ற நெறியும் செய்ய வேண்டியது என்ற நெறியும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் கிடையாது. தரைப் படங்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்தாலே விவாதம் சூடுபிடிக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. படம் எடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் மூளை கவனத்தைத் தளர்த்திவிடும். 2014இல் லிண்டா ஹென்கெல் வெளியிட்ட அருங்காட்சியக ஆய்வில், முழுப் பொருளையும் படம் எடுத்தவர்கள் சும்மா பார்த்தவர்களைவிட அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி உடனே எழுத வேண்டும்: நேரம், சட்டகத்துக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது வரிதான் முக்கியம். மழை தூறியது, மணி அடித்தது, காவலர் நின்றிருந்தார் என்பதெல்லாம் படத்தில் வராது.

அனுமதி பற்றிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் வகுப்பின் விதி சட்டத்தைவிட இறுக்கமாக இருக்கலாம். அடையாளம் தெரியும்படி படம் எடுக்க, குரலைப் பதிய, வகுப்பில் காட்ட, வகுப்புக்கு வெளியே காட்ட என்று நான்கு தனித்தனிக் கேள்விகள். நான்குக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்குவது ஒப்புதலே ஆகாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை விட்டுவிடுவதே மேல். "இரண்டு வாரத்துக்குள் சொன்னால் அழித்துவிடுகிறோம்" என்று தேதியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். பேட்டி தருபவருக்கு பேட்டி 1, பேட்டி 2 என்று எண்தான் பெயர். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் காகிதத்தில் ஆசிரியரிடம் மட்டும் இருக்கலாம்.

முகத்தை மறைக்கிறேன் என்று மாணவர்கள் செய்யும் வேலை பல நேரம் மறைப்பதே இல்லை. கைபேசியின் மார்க்கர் தூரிகை பாதி ஒளிபுகும் தன்மை கொண்டது. ஒளியைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். லேசான மங்கலாக்கலும் நம்பத் தகுந்ததல்ல. முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, புதுப் படமாகச் சேமிக்க வேண்டும். முகத்தை மறைத்துவிட்டு, சீருடையையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் வண்டி எண்ணையும் விட்டுவிடுவது அடுத்த வழக்கமான பிழை. படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் பதிந்திருக்கும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை முன்கூட்டியே அணைப்பதுதான் பாதுகாப்பு. செய்திச் செயலியில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் இருப்பிடத் தகவலும் கூடவே போகும். இரண்டும் வேண்டாம், கல்லூரியின் கணினியில் கம்பி இணைத்து நேரடியாக மாற்றிக்கொள்ளலாம்.

பேட்டி 15 முதல் 20 நிமிடம், ஆறு முதல் எட்டுக் கேள்வி. தனியாகக் கேட்க வேண்டும். நண்பர் பக்கத்தில் நின்றால் பதில் அவருக்காகத்தான் வரும். கேள்விகளின் வரிசை மிக முக்கியம். முதலில் "நேற்று இந்த வழியாகப் போனீர்களே, என்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்" என்பது போன்ற திறந்த கேள்வி. அடுத்து, "உங்களைப் போன்ற பத்துப் பேரில் எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள்?" இந்த ஒரு கேள்வியிலேயே முழு வகுப்பு நடத்தலாம். ராஸ், கிரீன், ஹவுஸ் மூவரும் 1977இல், விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வர முடியுமா என்று மாணவர்களைக் கேட்டார்கள். சம்மதித்தவர்கள் 62 சதவீதம் பேர் சம்மதிப்பார்கள் என்றார்கள், மறுத்தவர்கள் 67 சதவீதம் பேர் மறுப்பார்கள் என்றார்கள். தான் செய்வதையே ஊரும் செய்யும் என்ற நினைப்பு. நம் மாணவர்களிடம் படங்களிலிருந்து எண்ணிய உண்மை எண்ணிக்கை கையில் இருக்கிறது, பேட்டியில் சொன்ன எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

"ஏன்" என்ற கேள்வி கடைசியில்தான் வர வேண்டும், அந்தப் பதிலை அப்படியே நம்பவும் கூடாது. நிஸ்பெட்டும் வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில், ஒரே மாதிரியான நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்ட சோதனை வருகிறது. வலது ஓரத்தில் இருந்ததை மிக அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டால் நெய்த விதத்தையும் துணியையும் சொன்னார்கள். வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவர்கூடத் தானாகச் சொல்லவில்லை. பேட்டியில் வரும் "ஏன்"களை, மனிதர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் விளக்கங்களாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த விளக்கங்களும் படிக்க வேண்டியவைதான், ஆனால் நடத்தையின் காரணம் என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

படத்தை எப்போது காட்டுவது? திறந்த கேள்விகள் முடிந்த பிறகு. முதலிலேயே காட்டினால் பேட்டி முழுக்க அந்தப் படத்தைச் சுற்றியே ஓடும். படம் காட்டிப் பேட்டி எடுப்பதை 1957இலேயே ஜான் காலியர் என்ற மானிடவியல் புகைப்படக்காரர் எழுதியிருக்கிறார். படம் இருந்தால் பேச்சு நீளும், நினைவும் துல்லியமாகும் என்பது அவர் கண்டது. மூன்று படம் போதும்: நடத்தை நடக்கும் படம் ஒன்று, நடக்காத படம் ஒன்று, ஆளே இல்லாத இடத்தின் படம் ஒன்று. "இதில் என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து நொடி மௌனத்தைத் தாங்க முடியாமல் மாணவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நல்ல பதில் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். "பொறுப்பில்லாமல் குப்பை போட்டிருக்கிறார்களே, பார்த்தீர்களா?" என்று கேட்டால் பதிலை நாமே கொடுத்துவிட்டோம். லோஃப்டஸும் பால்மரும் 1974இல் ஒரே விபத்துக் காட்சியைக் காட்டி, கேள்வியின் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்களைவிட வண்டியின் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். கேள்வித்தாளை இன்னொரு குழுவிடம் கொடுத்து, சாயும் சொற்களைச் சிவப்பில் வட்டமிடச் சொன்னால் ஒரு மணி நேர விரிவுரை மிச்சம்.

ஒலிப்பதிவில் கெட்டுப்போவதெல்லாம் சில்லறைக் காரணங்கள்தான். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும், ஆகவே விமானப் பயன்முறை. மேசையில் நேராக வைத்தால் மேசைத் தட்டல் இடியாக விழும், கீழே ஒரு மடித்த துணி வேண்டும். ஒலிவாங்கி பெரும்பாலும் கைபேசியின் அடிப்பகுதியில் இருக்கும், அந்த முனை பேசுபவரைப் பார்க்க வேண்டும், முப்பது சென்டிமீட்டர் தூரத்தில். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரக் கூடாது. முப்பது நொடி பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தொடங்க வேண்டும். நொடிக்கு 64 கிலோபிட் ஒற்றைத் தட ஒலியில் நிமிடத்துக்கு அரை மெகாபைட் ஆகும். இருபது நிமிடப் பேட்டி பத்து மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும், பழைய கைபேசிக்கும் இது பாரமில்லை.

பாரம் எழுத்தாக்கத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். நாற்பது மாணவர், ஆளுக்கு ஒரு பேட்டி, பதினைந்து நிமிடம் என்றால் பத்து மணி நேரப் பேச்சு, எழுத நாற்பது முதல் அறுபது மணி நேரம். ஆளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாது, அதனால் சரி. ஆளுக்கு ஐந்து பேட்டி என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டால் ஏழரை மணி நேரம் ஆகிவிடும், அடுத்த வாரம் எழுத்தாக்கமெல்லாம் சுருக்கமாகவும் சந்தேகத்துக்குரிய வகையில் இலக்கணச் சுத்தமாகவும் வந்து சேரும். தானியங்கிச் செயலிகள் தட்டச்சு நேரத்தைக் குறைக்கலாம், ஆனால் பேச்சுத் தமிழைப் பல இடங்களில் பிழையாகக் கேட்கும். முழுவதையும் மறுபடி கேட்டுத் திருத்தாமல் பயன்படுத்தக் கூடாது. தயக்கம், சிரிப்பு, "அது வந்து" எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், சங்கடம் அங்கேதான் தெரியும்.

பிறகு வகைப்படுத்தல். இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்க்காமல், எல்லாப் படங்களையும் ஒரே வரையறையைக் கொண்டு குறிக்க வேண்டும். ஐம்பது படத்தில் நாற்பதில் ஒத்துப்போனால் 80 சதவீதம் என்று மகிழ்ந்துவிடுவார்கள். தற்செயலாகவே எவ்வளவு ஒத்துப்போயிருக்கும் என்று கேளுங்கள். இருவருமே 70 சதவீதப் படங்களுக்கு "ஆம்" என்று குறித்திருந்தால், தற்செயல் ஒப்புமை 0.7 பெருக்கல் 0.7, அதோடு 0.3 பெருக்கல் 0.3, மொத்தம் 0.58. தற்செயலை நீக்கிவிட்டு ஒப்புமையை அளக்க கோஹன் 1960இல் தந்த காப்பா அளவின்படி 0.80இலிருந்து 0.58ஐக் கழித்து, மீதியை 0.42ஆல் (1இலிருந்து 0.58 போனால் வருவது) வகுத்தால் 0.52 வரும். 80 என்று பெருமையாகச் சொன்னது இப்போது நடுத்தரம். ஒத்துப்போகாத பத்துப் படங்களை மேசையில் பரப்பி வைத்தால், குறை மாணவர்களின் கண்ணில் இல்லை, வரையறையில் இருக்கிறது என்று தெரியும். "தொட்டிக்கு அருகில்" என்றால் எவ்வளவு? ஒரு மீட்டரா, ஒரு காலடியா? வரையறையைத் திருத்தி, மறுபடியும் குறிக்க வேண்டும்.

விளக்கம் எழுதும் கட்டத்தில் படமே ஒரு பொறி வைக்கிறது. சட்டகம் மனிதரைப் பெரிதாக்கிச் சூழலை வெட்டிவிடும். சூழலைவிட ஆளின் குணத்தையே காரணமாக்கும் நம் சாய்வை, ஜோன்ஸும் ஹாரிஸும் 1967இல் சோதனையில் காட்டினார்கள், லீ ராஸ் 1977இல் அதற்கு அடிப்படைக் காரணப் பிழை என்ற பொருளில் பெயர் வைத்தார். இதில் கேமராவுக்கே நேரடிப் பங்கு உண்டு. 1973இல் மைக்கேல் ஸ்டார்ம்ஸ், உரையாடிய ஒருவருக்கு அவருடைய முகமே தெரியும் கோணத்தில் எடுத்த காணொளியைக் காட்டினார். அதுவரை சூழலைக் காரணம் சொல்லக்கூடியவர், தன் நடத்தைக்குத் தன் குணத்தைக் காரணம் சொல்லத் தொடங்கினார். டேனியல் லாசிட்டர் குழுவின் ஆய்வுகளில், கேமரா சந்தேக நபரை மட்டும் பார்க்கும்படி எடுத்த ஒப்புதல் வாக்குமூலம், விசாரிப்பவரும் தெரியும்படி எடுத்ததைவிட "தானாக முன்வந்து சொன்னது" போல் பார்ப்பவர்களுக்குத் தோன்றியது. எனவே ஒவ்வொரு நெருக்கப் படத்துக்கும் துணையாக ஓர் அகலப் படம் கட்டாயம். "அவசரப்படுபவர்கள்" என்று எழுதும் மாணவர், சட்டகத்துக்கு வெளியே இருந்த கடிகாரத்தையும் மூடப்போகும் கதவையும் காட்டியாக வேண்டும். டார்லியும் பாட்சனும் 1973இல் இறையியல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் வழியில் துவண்டு கிடந்தவருக்கு உதவினார்கள், மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். இடையில் மாறியது குணம் அல்ல, நேரம்.

ஆய்வுக்கு உள்ளாகிறவர்களிடமே கேமராவைக் கொடுத்து அவர்கள் வாழ்க்கையை அவர்களே எடுக்கச் சொல்லும் ஃபோட்டோவாய்ஸ் என்ற முறையும் உண்டு. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 1990களில் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களோடு சேர்ந்து உருவாக்கியது. அருமையான முறை, ஆனால் நோக்கம் வேறு: அது மனிதர்கள் எதை முக்கியமாகக் கருதுகிறார்கள் என்பதைக் காட்டும், எவ்வளவு பேர் என்ன செய்கிறார்கள் என்பதை எண்ணித் தராது. இரண்டையும் ஒரே ஒப்படைப்பில் கலந்துவிடுவது குழப்பம்தான்.

பன்னிரண்டு பேட்டியை வைத்துச் சதவீதம் எழுதுவதையும் நிறுத்த வேண்டும். "66.7 சதவீதம் பேர்" என்று வரும் இடத்தில் "பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர்" என்று எழுதினாலே மிகைப்பேச்சு குறையும்.

மதிப்பெண் எதற்கு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நூற்றில் களக்குறிப்புக்கு 30, அனுமதியும் தரவுப் பாதுகாப்பும் 20, வகைப்படுத்தலுக்கு 20, படத்துக்கும் பேட்டிக்கும் உள்ள முரண்பாட்டை விளக்குவதற்கு 30 என்று பிரிக்கலாம். படத்தின் அழகுக்கு ஒன்றும் கிடையாது. அப்படி அறிவித்தால்தான் விலையுயர்ந்த கைபேசி இல்லாத மாணவர் பின்தங்க மாட்டார். குழுவுக்கு ஒரு கைபேசி போதும், எந்தக் கைபேசியையும் வாங்கச் சொல்லக் கூடாது.

கடைசி வகுப்பை அழிப்பதற்கென்றே ஒதுக்குங்கள். படத்தை நீக்கியதும் அது போய்விட்டதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். பல கைபேசிகளில் நீக்கிய படம் "சமீபத்தில் நீக்கியவை" தொகுப்பில் 30 நாள் வரை கிடக்கும், இணையத்தில் தானாகச் சேமிக்கும் மேகச் சேமிப்பில் இன்னொரு பிரதி இருக்கும், செய்திச் செயலியின் கோப்புறையில் மூன்றாவதாக ஒன்று இருக்கும், குழுவில் மற்றவருடைய கைபேசியிலும் இருக்கும். நான்கு இடத்தையும் திறந்து, ஒருவர் அழிக்க இன்னொருவர் சரிபார்த்து, இருவரும் கையெழுத்திட்ட தாளை ஆசிரியரிடம் கொடுத்த பிறகே மதிப்பெண் பதிவாக வேண்டும்.

இப்படிக்கு,
சமூக உளவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்